நாளை போட்டி, இன்று எடை தூக்கலாமா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடும் நம் பிள்ளைகள் பலர் ஜிம்முக்கும் போகிறார்கள். பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெட்டி மீது தாவி ஏறும் பயிற்சி இரண்டையும் அங்கே செய்கிறார்கள். "நாளை மேட்ச், இன்று கால்களுக்கு நன்றாக வேலை கொடுத்தால் வேகம் கூடும்" என்பது அவர்களில் சிலரின் நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி ஆபத்தானது.

முதலில் உண்மையைப் பார்ப்போம். கனமான எடையை ஓரிரு முறை தூக்கியதும் தசை விழிப்படைகிறது. தசையைச் சுருங்கச் செய்வது அதற்குள் வெளியாகும் கால்சியம். கனமான முயற்சிக்குப் பின் தசை இழைகள் அந்தக் கால்சியத்துக்குக் கூடுதலாக இசைந்து கொடுக்கின்றன. உடல் சூடேறுவதும் துணை செய்கிறது. இதனால் அடுத்துத் தாவும் தாவலில் சிறிது உயரம் கூடலாம்.

ஆனால் அதே எடை களைப்பையும் தருகிறது. தூக்கிய உடனே தாவினால் களைப்பே மேலோங்கும். சுமார் 5 முதல் 10 நிமிட ஓய்வில் களைப்பு இறங்கி, விழிப்பு மிஞ்சி நிற்கும். பலன் கிடைப்பது அப்போதுதான். அதுவும் சில சதவீதமே. பல ஆண்டுகள் பயின்று வலுவேறியவருக்கு இது நன்றாகக் கிடைக்கும். புதிதாகத் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் களைப்புதான் மிஞ்சும்.

இனி ஆபத்து. கடுமையான ஸ்குவாட்டோ, நூறு இருநூறு தாவல்களோ முடிந்த பின் தசை இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். அந்த நாட்களில் தாவும் உயரமும் ஓடும் வேகமும் குறையும். பழக்கமில்லாத பயிற்சி என்றால் பாதிப்பு இன்னும் அதிகம். முந்தைய நாள் உழைப்பு மறுநாள் ஆட்டத்தைக் கெடுப்பது இப்படித்தான்.

தாவல் பயிற்சியை முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி. பெட்டியிலிருந்து கீழே குதித்து, கால் தரையைத் தொட்டதும் மேலே எழும்பும் பயிற்சியை 1960-களில் அவர் பரப்பினார். ஏற்கெனவே வலுவான வீரர்களுக்கு, குறைந்த எண்ணிக்கையில் தர வேண்டிய பயிற்சி அது. 'பிளையோமெட்ரிக்ஸ்' என்ற பெயர் 1975-இல்தான் அமெரிக்காவில் வந்தது.

நம் மாநிலத்து பிரவீன் சித்ரவேல் 2023 மே மாதம் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். அதே ஆண்டு மார்ச்சில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டர் தொட்டார். மும்முறைத் தாண்டுதலில் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதைத் தாங்கும் உடல் ஒரு வாரத்தில் உருவாவதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை. ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால் கடைசிக் கடும் கால் பயிற்சி புதன் அல்லது வியாழனோடு முடியட்டும். வெள்ளி, சனியில் இலேசான ஓட்டமும் நான்கைந்து துள்ளல்களும் போதும். புதிய பயிற்சி எதையும் போட்டி வாரத்தில் தொடங்க வேண்டாம். வளரும் வயதுப் பிள்ளைகள் முதலில் சரியாகத் தரையிறங்கக் கற்க வேண்டும். எடை பிறகு கூடட்டும். முழங்காலில் வலி என்றால் "பொறுத்துக்கொள்" என்று சொல்லாமல் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இத்துறையை முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இவ்வளவு அருகில் உள்ளது. காணொளிகளைப் பார்த்துத் தூக்குவதைவிட, உடற்கல்வி படித்த பயிற்சியாளரிடம் கேட்டுத் தூக்குவது மேல். உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதற்குரிய ஓய்வைக் கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.