உஷார்! ராத்திரி முழுக்க ஸ்கூட்டர் சார்ஜில் நிற்கிறதா?

பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியாயிற்றா? சந்தோஷம். பெட்ரோல் காசு மிச்சம். ஆனால் இன்று ராத்திரி அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2022 மார்ச் கடைசி. வேலூர். பேட்டரி வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவும் மகளும் வீட்டுக்குள் தூங்கினார்கள். ராத்திரியில் வண்டி தீப்பிடித்தது. இருவரும் பிழைக்கவில்லை. தீ அவர்களைத் தொடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. புகையில் மூச்சுத் திணறியே போய்விட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிற பெண்.

அதற்குப் பிறகு எல்லோரும் பேட்டரியைத்தான் பயத்தோடு பார்க்கிறோம். பார்க்கவேண்டியதுதான். 2022 டிசம்பரிலிருந்து பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளையும் கடுமையாக்கியிருக்கிறார்கள். சரி, வண்டியைச் சோதிக்க ஆள் உண்டு. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற ப்ளக் பாயிண்டை யார் சோதித்தார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பழைய கட்டடம், வாடகைக் குடித்தனம். டி.வி.க்குப் பின்னால் இருந்த சின்ன ப்ளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, ஜன்னல் வழியாக வெளியே இழுத்து வண்டிக்குச் சார்ஜ். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் விடியற்காலையில் அந்த வீட்டம்மாவுக்குப் பொசுங்கிய நாற்றம். எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தார். எழுந்து வந்து பார்த்தால் ஸ்விட்ச் போர்டு பழுப்பேறி உருகியிருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கினால் வரவில்லை, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பக்கத்திலேயே திரைச்சீலை. நல்லவேளை, எழுந்தார்.

மெயின் பாக்ஸில் கரண்டைத் துண்டிக்கவேண்டிய எம்.சி.பி. விழவே இல்லை.

இதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஆபத்து. “எம்.சி.பி. இருக்கே, ஏதாவது ஆனால் தானாக விழுந்துவிடும்” என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். அது விழுவது அளவுக்கு மீறிக் கரண்ட் பாயும்போதும், ஷார்ட் ஆகும்போதும்தான். கரண்ட் கசிந்தால் ஆர்.சி.சி.பி. விழும். ப்ளக் பின் லூஸாக இருந்து சூடேறினால்? கரண்ட் எப்போதும் போல 4 ஆம்பியர்தான். கசிவும் இல்லை. இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 900 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். லூஸான அந்த இடத்தில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும் 16 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கிட்டத்தட்ட அதையே பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போகிறோம். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளரும். தளரத் தளர இன்னும் சூடு.

“அதே ப்ளக்கில் மிக்ஸி ஓடுகிறதே?” ஓடும். மிக்ஸியும் 750 வாட்தான். ஆனால் சட்னி அரைக்க எவ்வளவு நேரம்? வண்டி நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கிறது. அதுவும் வீடே தூங்கும்போது.

இனிச் சொல்வதெல்லாம் அபாய அறிகுறி. அலட்சியம் வேண்டாம்.

சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்விட்சை அணைத்துவிட்டு ப்ளக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் கவனிக்கவேண்டும். கை வைக்க முடியவில்லை என்றால் அந்தப் பாயிண்டை இனித் தொடாதீர்கள்.

சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்போ கறுப்போ தெரிகிறதா? ப்ளக்கை அசைத்தால் ‘சிர்ர்’ என்று சத்தம் வருகிறதா? மீன் நாற்றம் போல, ரப்பர் கருகியது போல வாடை அடிக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நாளைக்கு அல்ல, இன்றைக்கே.

வண்டிப் பக்கமும் ஒரு கண் வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, உஸ்ஸென்று சத்தம் வந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ, வெள்ளத்தில் நின்றிருந்தாலோ மெக்கானிக் பார்க்கும்வரை சார்ஜ் போடவே கூடாது. மே மாத வெயிலில் ஓட்டிவந்த வண்டியை அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிடுங்கள்.

சில சார்ஜர்கள் பெரிய பின்னோடு வரும். சின்ன ப்ளக்கில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிட்டு வேறு ப்ளக் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எர்த் பின்னை ஒடிப்பவர்களும் உண்டு. ஐயோ, வேண்டாம்! மாடி பால்கனியிலிருந்து வயரை இறக்கி, நடுவில் டேப் சுற்றி, ஐப்பசி மழையில் நனையவிடுவதும் அதே ரகம்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸே கூடாது. அதிலும் வயரைச் சுருட்டி வைத்தபடி சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியில்லை.

வண்டிக்கென்று தனி லைன் இழுங்கள். 16 ஆம்பியர் பவர் ப்ளக், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், தனி எம்.சி.பி. வீட்டு ஓனர் முகம் சுளிப்பார். கேட்டுத்தான் ஆகவேண்டும். அவர் கட்டடமும்தானே எரியும்!

வாசற்படியில் சார்ஜ் போடாதீர்கள். மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம். ராத்திரியில் தீப்பிடித்தால் நீங்கள் ஓடவேண்டிய வழியே அதுதான். முடிந்தவரை சாயங்காலமே, ஆள் விழித்திருக்கும்போதே சார்ஜை முடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் மீறிப் புகை வந்துவிட்டதா? மெயின் ஸ்விட்ச் பாதுகாப்பாக எட்டினால் மட்டும் அணையுங்கள். பேட்டரியே எரிகிறது என்றால் வாளித் தண்ணீரோடு பக்கத்தில் போகாதீர்கள். லித்தியம் பேட்டரி அணைந்தது போலிருந்து திரும்பப் பற்றும். அதன் புகை விஷம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். எரிவது பேட்டரி வண்டி என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.