கருவிலுள்ள குழந்தையின் நலமறிதல்

கருவுற்ற பெண்ணுக்குச் செய்யப்படும் பரிசோதனைகளுள் சில தாயின் உடல்நிலையை அறியவும், சில கருவிலுள்ள குழந்தை போதிய அளவு வளர்கிறதா, அதற்கு வேண்டிய பிராணவாயு கிடைக்கிறதா என்பதை அறியவும் செய்யப்படுகின்றன. இவ்விரண்டாம் வகையே குழந்தையின் நலமறிதலாகும். பிரசவம் நல்லபடியாக முடிவதோடு இதன் பயன் நின்றுவிடுவதில்லை என்பதற்கு மைசூரில் ஒரு சான்று உண்டு.

மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியவை முறையாகப் பதிவு செய்யப்பட்டுவந்தன. அங்கு 1934க்கும் 1954க்கும் இடையில் பிறந்து, பின்னும் அதன் அருகிலேயே வாழ்ந்துவந்த 517 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்து, 1996இல் 'லான்செட்' இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். பிறக்கும்போது இரண்டரை கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதய இரத்தக்குழாய் நோய் காணப்பட, 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் அது 3 சதவீதமாகவே இருந்தது. கருவில் ஏற்படும் ஊட்டக்குறைவு பிற்கால இதயநோய்க்கு வித்திடலாம் என்று பிரிட்டிஷ் அறிஞர் டேவிட் பார்க்கர் முன்வைத்த கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. எடைக்குறைவு ஒன்றே நோயை உண்டாக்கிவிடும் என்று இதற்குப் பொருளில்லை; எனினும் கருவின் வளர்ச்சியைக் கவனிப்பது ஓர் ஆயுட்காலத்தைக் கவனிப்பதாகும் என்பது இதனால் விளங்கும்.

குழந்தைக்கு வேண்டிய உணவும் பிராணவாயுவும் நஞ்சுக்கொடியின் வழியாகவும் தொப்புள்கொடியின் வழியாகவுமே செல்கின்றன. தாயின் இரத்தக்கொதிப்பாலோ வேறு காரணத்தாலோ நஞ்சுக்கொடியின் செயல் குன்றினால், கிடைக்கும் குறைந்த இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பும்படி குழந்தையின் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால் வயிற்றுப் பகுதிக்குச் செல்லும் ஊட்டம் குறைந்து வளர்ச்சி தேங்குகிறது. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் சிறுநீர் குறைந்து, அதிலிருந்து பெருமளவு உண்டாகும் பனிக்குடநீரும் வற்றுகிறது. சக்தியைச் சேமிக்கும் பொருட்டுக் குழந்தை அசைவதையும் குறைத்துக்கொள்கிறது. குழந்தையின் நலமறியும் பரிசோதனைகள் பெரும்பாலும் இந்த மாற்றங்களைத் தேடுபவையே.

ஏறத்தாழ 24 வாரங்களுக்குப் பின், இடுப்புக்கூட்டின் முன்னெலும்பிலிருந்து கருப்பையின் உச்சிவரை நாடாவால் அளந்தால், சென்டிமீட்டர் எண்ணிக்கை பெரும்பாலும் வாரங்களின் எண்ணிக்கையை ஒட்டியே இருக்கும். அளவு பின்தங்கினால் ஸ்கேன் மூலம் வளர்ச்சியும் பனிக்குடநீரும் மதிப்பிடப்படுகின்றன. தொப்புள்கொடியில் இரத்தம் தடையின்றி ஓடுகிறதா என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டுகிறது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. குழந்தை அசையும்போது அத்துடிப்பு சற்று உயர்வது நலத்தின் அடையாளம் என்பதால், தாயின் வயிற்றில் பட்டை கட்டிச் சுமார் 20 நிமிடம் அதனைத் தாளில் பதிவு செய்வார்கள்.

ஊட்டம் குறைவதைப் போலவே சர்க்கரை மிகுவதும் கவனத்துக்குரியது. அதே மைசூர் மருத்துவமனையில் 1997–98இல் தொடங்கப்பட்ட 'பார்த்தினன்' ஆய்வில் எண்ணூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர்; பரிசோதிக்கப்பட்டவர்களில் சுமார் 6 சதவீதத்தினருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்ததும், அவர்களின் குழந்தைகள் பெரிதாகப் பிறந்ததும் தெரியவந்தன. இந்த நீரிழிவைக் கண்டறிய, கடைசியாக உண்ட நேரத்தைப் பொருட்படுத்தாமல் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ளதா என்று பார்க்கும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்தியதன் பயன், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இப்பரிசோதனையைச் செய்ய முடிவதாகும்.

சிற்றூர்களில் ஸ்கேன் வசதி தொலைவில் இருக்கலாம். ஆனால் குழந்தையின் அசைவை உணரும் தாய் எங்கும் இருக்கிறாள். 28 வாரங்களுக்குப் பின் வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாகத் தோன்றினால், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவுகள் தெரியாவிடில் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டுக் கருவியில் துடிப்பு கேட்டதென்று நிம்மதி அடைவது ஆபத்தானது, ஏனெனில் பிராணவாயு குறைந்த நிலையிலும் இதயம் சில காலம் துடித்துக்கொண்டே இருக்கும்.

2016 முதல் நாடெங்கும் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. ஸ்கேன் குழந்தையின் நலத்தை அறிவதற்கே உரியது. பாலினத்தை அறிய அதனைப் பயன்படுத்துவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பரிசோதனைத் தேதிகளைத் தவறவிடாத குடும்பமும், அளவுகளை ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதும் செவிலியரும், அசைவு குறைந்ததென்று தாய் சொல்லும்போது அதனை வீண் பயமென்று தள்ளாத மருத்துவரும் சேர்ந்தாலன்றி எந்தக் கருவியும் குழந்தையைக் காக்காது.