2061-க்கு இப்போதே தண்ணீர் தேடும் தீவு தெரியுமா?

சிங்கப்பூரில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய ஆறு கிடையாது! வானம் வஞ்சனையில்லாமல் கொட்டும்; பிடித்துவைக்கத்தான் இடமில்லை. 1942-ல் ஜப்பானியப் படையைத் தடுக்க பிரிட்டிஷார் ஜொகூர் தரைப்பாலத்தைத் தகர்த்தார்களே, அதோடு தீவுக்கு வந்த குடிநீர்க் குழாயும் அறுந்துபோனது தெரியுமா? 1963-ல் வறட்சி, மாதக்கணக்கில் தண்ணீருக்குப் பங்கீடு!

மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து தினமும் 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள 1962-ல் ஓர் ஒப்பந்தம். விலை? ஆயிரம் கேலனுக்கு வெறும் 3 சென்! ஆனால் 2061-ல் அது காலாவதி. அதற்குப் பிறகு? அந்தக் கேள்விக்கான வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. முதல் நீர்ப் பெருந்திட்டம் 1972-லேயே தயார்!

அதில் என்னை அசரவைப்பது, கழிவுநீரிலிருந்து பெறும் புதுநீர்தான். 1974-ல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, ஆலையை மூடிவிட்டார்கள். ஆனால் விட்டுவிடவில்லை! நுண்வடிப்புச் சவ்வுகள் மலிவாகும்வரை கால் நூற்றாண்டு பொறுத்திருந்து மறுபடி இறங்கினார்கள். நுண்வடிப்பு, எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதா ஒளி என மூன்று கட்டம் தாண்டி வரும் நீர் அது. 2002 தேசிய தின அணிவகுப்பில் சுமார் 60,000 பேர் புதுநீர் போத்தலை உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள்! சவ்வுத் தொழில்நுட்பத்தைவிட, கழிவிலிருந்து வந்த நீரை ஒரு நாடே முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதுதான் பெரிய சாதனை என்பேன். அது எத்தனை தூய்மை என்றால், சிலிக்கான் சில்லு ஆலைகள் அதைத்தான் கேட்டு வாங்குகின்றன. மழை குறைந்த மாதங்களில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறார்கள்.

இதற்கான கழிவுநீரைச் சேர்க்க கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் ஆழ்சுரங்கம்! மழைநீரையும் விடவில்லை: 2008-ல் மரினா கால்வாயின் வாயில் தடுப்பணை கட்டினார்கள். மழைநீர் கடல்நீரை மெல்ல மெல்ல வெளியேற்ற, வானளாவிய கட்டடங்களின் காலடியில் ஒரு நன்னீர்த்தேக்கம் பிறந்தது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கேதான் வந்து சேர்கிறது!

அதற்கு அருகிலேயே 2020-ல் இயங்கத் தொடங்கிய மரினா ஈஸ்ட் ஆலையைப் பற்றிக் கேளுங்கள்: மழைக்காலத்தில் தேக்கத்து நீரைச் சுத்திகரிக்கும், வறண்டால் கடல்நீரைக் குடிநீராக்கும். ஒரே ஆலை, இரண்டு வேலை! எந்திரங்கள் பெரும்பாலும் நிலத்துக்கடியில். கூரைப் புல்வெளியில் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடலாம்!