ஒரே ஆள் இரண்டு ஆளானது எப்படி? கலைக்கூடம் ஏறிய ஸ்டூடியோ வித்தை!

நாற்காலியில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கைகட்டி நிற்பவரும் அதே வாலிபர்!

இரட்டைப் பிள்ளைகள் அல்ல. பேய், பிசாசும் அல்ல. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் செய்த வேலை அது.

லென்சில் பாதியை மறைத்து ஒரு தடவை எடுப்பார். பிறகு ஆளை இடம் மாற்றி நிறுத்துவார். மறுபாதியை மறைத்து, அதே பிலிமில் இன்னொரு தடவை "கிளிக்". நடுவில் கேமரா ஒரு நூல் அசைந்தாலும் போச்சு!

கண்ணாடியில் ஜடை

கல்யாணப் பெண்ணுக்கு வேறு வித்தை. முகமும் தெரியணும், பூ ஜடையும் தெரியணும். பின்னால் பெரிய கண்ணாடி வைத்தார்கள். ஒரே படத்தில் இரண்டும் விழுந்தன.

இந்தக் கண்ணாடி ஆசை ராஜபாளையம் பக்கத்துக்குப் புதுசு அல்ல. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். பெருமாளுக்கு வைத்திருந்த மாலையைத் தானே சூடிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரில் ஆண்டாள் அழகு பார்த்ததாக ஐதீகம். அந்தக் "கண்ணாடிக் கிணறு" இன்றும் அங்கே இருக்கிறது.

தெய்வமும் அவரே, திருடியும் அவரே!

இந்தப் பழைய வித்தைகளைத் தூசி தட்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் புஷ்பமாலா. 1956-ல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தவர். பிறகு உளியை வைத்துவிட்டு வேஷம் கட்டினார்!

பிரிட்டிஷ் போட்டோகிராபர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, 2000 முதல் 2004 வரை "தென்னிந்தியப் பெண்கள்" பற்றி ஒரு படவரிசை செய்தார். எழுதிய பின்திரை, ஜிகினா, சேலை எல்லாம் ஸ்டூடியோ பாணிதான். ரவிவர்மாவின் லட்சுமியாக நின்றார். வேளாங்கண்ணி மாதாவாக நின்றார். செய்தித்தாளில் வந்த, கைதான பெண்கள் படத்தைப் பார்த்து குற்றவாளியாகவும் நின்றார்.

பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் யோசித்தார்கள். சேலையும் பின்திரையும் மாறியதும் அதே முகம் தெய்வமாகிறது, திருடியும் ஆகிறது. அப்படியானால், போட்டோவைப் பார்த்ததும் "இவள் நல்லவள், இவள் கெட்டவள்" என்று முடிவு கட்டுகிறோமே, அது சரிதானா?

2019-ல் சென்னையில் நடந்த சர்வதேசப் புகைப்படத் திருவிழாவுக்குப் படங்களைத் தேர்வு செய்தவரும் இவரே. அதற்கு இவர் வைத்த தலைப்பிலும் கண்ணாடி! "கண்ணாடிக்குள் வாழும் பிராணிகள்" என்று பொருள். சேப்பாக்கம் செனட் ஹவுஸில் படங்கள் மாட்டப்பட்டன.

வெள்ளிக்காகப் போன படங்கள்

கலைக்கூடத்தில் இந்த வித்தைக்கு மாலை, மரியாதை. ஊரில் நடந்ததோ வேறு!

பழைய நெகடிவ்களில் வெள்ளி உண்டு. அதற்காகவே பல ஸ்டூடியோக்களின் நெகடிவ்கள் எடைக்குப் போயின. கண்ணாடி நெகடிவ்களைக் கழுவி, வெறும் கண்ணாடியாக்கியதும் உண்டு. ஒரு தலைமுறையின் முகமே அழிந்தது.

மிஞ்சியதைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் முன்வந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், படங்களைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தது.

ஸ்டூடியோ கதை இப்படி என்றால், வீட்டுக் கதை இன்னும் மோசம். சுண்ணாம்பு அடிக்கும்போது சுவரிலிருந்து இறங்கும் படம் பரணுக்குப் போகிறது. பரணிலிருந்து பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

அடுத்த தடவை எடைக்குப் போடும் முன் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்து ஒரு பார்வை பாருங்கள். தாத்தாவுக்குப் பக்கத்தில் இன்னொரு தாத்தா நின்றாலும் நிற்பார்!