பிறந்தநாளில் திறக்கும் சிறைக்கதவு

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்ற செய்தி பரவி, அ.தி.மு.க.வினர் ஊருக்கு ஊர் மறியலில் இறங்கிய நாள். கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்து, தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் அந்தக் கூட்டத்திடம் சிக்கியது. பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே கருகிப்போனார்கள்.

சாட்சிகள் பிறழ்ந்தனர். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகுதான் வழக்கு சேலத்துக்கு மாறி, விசாரணை மறுபடி தொடங்கியது. 2007இல் அ.தி.மு.க.வினர் மூவருக்குத் தூக்குத் தண்டனை. 2010இல் அதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றமே 2016இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. கூட்ட வெறியில் நடந்தது, கொல்லத் திட்டமிட்டு வந்தவர்கள் அல்லர் என்பது காரணம். 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய தண்டனைக் குறைப்பில் மூவரும் வெளியே வந்தார்கள்.

தூக்கைக் குறைத்ததில் நியாயம் உண்டு. மனிதர் திருந்துவார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், கோவை சிங்காநல்லூரில் திறந்தவெளிச் சிறை எதற்கு? நெருடுவது விடுதலைக்குக் கிடைத்த காரணம்தான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு, கொடிய குற்றங்களில் ஆயுள் கைதி குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்க வேண்டும் என்றது. ஆனால் அரசியலமைப்பின் 161ஆம் பிரிவு ஆளுநருக்குத் தரும் அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது. அந்த வழியில்தான் தலைவர்களின் விழாக்களுக்குக் கைதிகள் விடுதலையாகிறார்கள். 2008 அண்ணா நூற்றாண்டில் ஒரே தடவையில் 1,405 பேர்.

எதைப் பார்த்து விடுவிக்க வேண்டும் என்று 2000இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது: குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, மறுபடி செய்ய வாய்ப்புண்டா, இனியும் அடைத்து வைப்பதில் பயனுண்டா. ஒவ்வொருவராக உட்கார்ந்து ஆராய வேண்டிய கேள்விகள் இவை. நாள்காட்டி இவற்றுக்குப் பதில் சொல்லாது.

இந்தச் சிக்கல் தருமபுரி வழக்கோடு நிற்கவில்லை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேரை இழந்த கோவையில், அந்த வழக்கின் கைதிகளை விடுவிக்கக் கோரும் குரலும் எதிர்க்கும் குரலும் இன்றும் எழுகின்றன. கட்சிக்காரருக்கு ஓர் அளவுகோல், மதம் கலந்த வழக்குக்கு வேறொன்று என்றால் இரண்டு தரப்புமே நம்பாது.

விடுதலைக் கோப்பு ஆளுநரிடம் போகும் முன், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு ஒரு கடிதம் போட்டு அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.