மானுக்குத் தெரியாத மறைவிடம்!

அமெரிக்காவில் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டை ஆடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் 1934-ம் ஆண்டிலேயே இதற்கென்று தனிப் பருவம் ஒதுக்கப்பட்டது.

துப்பாக்கி என்றால் 100 கஜத்துக்கு அப்பால் இருந்தும் சுடலாம். அம்புக்கு அது முடியாது. மான் 20, 30 கஜ தூரத்துக்குள் வரவேண்டும். அப்போது கை அசைவது தெரிந்தால் மான் மிரண்டு துள்ளும். அம்பு குறி தவறும். காயம்பட்ட மான் காட்டுக்குள் கிடந்து துடிக்கும்.

இதைத் தவிர்க்கவே வேட்டைக்காரர்கள் சிறிய துணிக் கூடாரத்துக்குள் ஒளிந்து கொள்கிறார்கள். அதை மடித்து முதுகில் சுமந்து செல்லலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது இடவசதி. உட்கார்ந்தபடி வில்லை முழுவதும் இழுக்கும்போது, முழங்கையோ வில்லின் நுனியோ துணியில் படக்கூடாது.

உட்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்பு உடை அணிந்தால், ஆள் இருட்டோடு இருட்டாகி விடுவார். எல்லா ஜன்னல்களையும் திறந்தால் வெளிச்சம் புகுந்து காட்டிக் கொடுத்துவிடும்!

ஜன்னல் சத்தம் இல்லாமல் திறக்க வேண்டும். வெளித் துணி பளபளக்கக் கூடாது.

மானுக்கு மோப்ப சக்தி அதிகம். மனித வாடையைக் கூடாரம் முழுவதும் மறைக்காது. ஆகவே, மான் வரும் பக்கமாகக் காற்று வீசாத இடத்தில் அதை அமைக்க வேண்டும். சில நாட்களுக்கு முன்பே அமைத்து விட்டால் மானுக்கும் பழகிவிடும்.

விலை அதிகம் என்பதற்காக வாங்கிப் பயன் இல்லை. வில்லை இழுக்க இடம் இருக்கிறதா? அதுதான் முக்கியம்!