தாத்தாவோட பிரெஞ்சு மெடல் பீரோவில் இருக்கா? விற்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சாயம் போன ரிப்பன். அதில் தொங்கும், பச்சை பூத்த ஒரு வெண்கலச் சிலுவை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பகுதிகளில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளில் இப்படிப்பட்ட மெடல்கள் இன்னும் இருக்கின்றன. 'தாத்தா சொல்தாவா இருந்தப்ப வாங்கினது' என்பதைத் தாண்டி பேரன், பேத்திகளுக்குப் பெரும்பாலும் விவரம் தெரியாது.

பழைய போர்ப் பதக்கங்களைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆன்லைன் ஏலமும் சூடாக நடக்கிறது. ஆனால் அவசரப்பட்டு விற்றால் போவது மெடல் மட்டும் அல்ல, அந்தக் குடும்பத்தின் வரலாறும்தான். எப்படி?

வில்லியனூருக்கு பிரெஞ்சு மெடல் எப்படி வந்தது?

புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தது. இந்தியாவுடன் இணைவதா என்று முடிவு செய்த வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18-ல் வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில்தான் நடந்தது. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முழுமை பெற்றது.

இதற்கு இடைப்பட்ட காலம் வரையிலும் இங்கிருந்து பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், 1946 முதல் 1954 வரையிலான இந்தோசீனா போர், அடுத்து அல்ஜீரியா என்று பல களங்களுக்குப் போனார்கள். 'சொல்தா' என்ற சொல்லே, படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்ததுதான். முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னத்தை புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இன்றும் பார்க்கலாம்.

எது என்ன மெடல்? ரிப்பனைப் பாருங்க

பிரெஞ்சு மெடலை அடையாளம் காண சுலபமான வழி, ரிப்பனின் நிறம்.

• பச்சை ரிப்பனில் மெல்லிய சிவப்புக் கோடுகள், சிலுவையின் நடுவே குறுக்கு வாள்கள்: 1915-ல் உருவாக்கப்பட்ட முதல் உலகப் போர் 'குருவா த கேர்', அதாவது போர்ச் சிலுவை.

• சிவப்பு ரிப்பனில் பச்சைக் கோடுகள்: 1939-ல் வந்த இரண்டாம் உலகப் போர் சிலுவை.

• வெளிர் நீல ரிப்பன், இரு ஓரமும் சிவப்பு: கடல் கடந்த போர்களுக்கான சிலுவை. இந்தோசீனாவில் வீரம் காட்டியவர்களுக்குக் கிடைத்தது இதுதான்.

• வெளிர் நீலத்தில் ஏழு சிவப்புக் கோடுகள்: 1930-ல் உருவான 'போராளிச் சிலுவை'. பொதுவாக, போர்முனைப் பிரிவில் 90 நாள் இருந்தவர்களுக்கு இதைப் பெறும் தகுதி உண்டு.

• மஞ்சள் ரிப்பன், ஓரத்தில் பச்சை: 1852 முதல் வழங்கப்படும் 'மெடாய் மிலித்தேர்'.

• பச்சை, மஞ்சள் பட்டைகள், மெடலில் மூன்று தலை யானையும் பல தலை நாகமும்: 1953-ல் வந்த இந்தோசீனா நினைவுப் பதக்கம். நம்மூர் ஆட்கள் பார்த்தவுடனே 'ஐராவதம்' என்று சொல்லிவிடுவார்கள்.

போர்ச் சிலுவையின் ரிப்பனில் சின்ன நட்சத்திரமோ ஓலையோ குத்தியிருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். வீரரைப் பாராட்டிக் குறிப்பு எழுதியது எந்த மட்டம் என்று சொல்வது அதுதான். வெண்கல நட்சத்திரம் என்றால் ரெஜிமென்ட் அல்லது பிரிகேட் அளவில், வெள்ளி என்றால் டிவிஷன் அளவில், ஓலை என்றால் ஆர்மி அளவில் பாராட்டு கிடைத்ததாக அர்த்தம்.

மெடலைவிட காகிதத்துக்கு ஏன் மதிப்பு?

முக்கியமான விஷயமே இதுதான். உலகப் போர்களில் பிரிட்டிஷ் இந்தியப் படையினருக்குத் தரப்பட்ட பல மெடல்களில் வீரரின் பெயரும் எண்ணும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பிரெஞ்சு மெடல்களில் பொதுவாகப் பெயர் இருக்காது. முதல் உலகப் போருக்கு மட்டும் சுமார் 20 லட்சம் போர்ச் சிலுவைகள் வழங்கப்பட்டன. அதனால் தனியாக ஒரு சிலுவைக்குப் பெரிய விலை கிடைக்காது.

அதே சிலுவை, படைப்பணிக் கையேடு, பாராட்டுக் குறிப்பு, போராளி அட்டை, சீருடையில் எடுத்த போட்டோ ஆகியவற்றோடு சேர்ந்திருந்தால் கதையே வேறு. அது பாகூரில் இருந்து கிளம்பி சைகோன் வரை போன ஒரு மனிதரின் வரலாறு. காகிதத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு மெடலை மட்டும் விற்றால், அது யாருடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காகிதங்கள் குடியுரிமை, ஓய்வூதியம் தொடர்பான கோரிக்கைகளுக்குச் சான்றாகவும் உதவலாம்.

ஜெர்மன் பேட்ஜ் மார்க்கெட் சொல்லும் பாடம்

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுபவற்றில் ஒன்று, இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் போர்முனை பேட்ஜ்கள். 1939 டிசம்பரில் வந்த காலாட்படைத் தாக்குதல் பேட்ஜ், 1942 நவம்பரில் வந்த நேருக்கு நேர் சண்டைக்கான பட்டை போன்றவை. இந்தப் பட்டையில் 15 நாள் சண்டைக்கு வெண்கலம், 30 நாளுக்கு வெள்ளி, 50 நாளுக்குத் தங்கம் என்று மூன்று தரம் உண்டு.

கிராக்கி அதிகம் என்பதால் போலியும் அதிகம். ஸ்வஸ்திகா சின்னம் நீக்கிய வடிவத்தில் இவற்றை அணிய 1957-ல் மேற்கு ஜெர்மனி சட்டம் அனுமதித்தது. அப்போது புதிதாகச் செய்தவையும் மார்க்கெட்டில் சுற்றுகின்றன. அதனால் அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. யாரிடம் இருந்து வந்தது, ஆவணம் இருக்கா என்றுதான் முதலில் கேட்பார்கள். நம்ம பீரோவில் இருக்கும் மெடலுக்கும் இதே கணக்குதான்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் 'தொல்பொருள்' ஆகலாம். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

1914-1918 போரின் மெடல்கள் இப்போது அந்த 100 ஆண்டைத் தாண்டிவிட்டன. சந்தேகம் இருந்தால், கூரியரில் போடும் முன் இந்தியத் தொல்லியல் துறையை அணுகி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்பது நல்லது.

இன்னொன்று: தாத்தாவின் மெடலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனக்கு வழங்கப்படாத அரசு விருதைப் பொது இடத்தில் தன்னுடையதுபோல் அணிவது பிரான்ஸ் சட்டப்படி குற்றம்.

இப்போ என்ன செய்யலாம்?

• புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், மதிப்பு போகும்.

• ரிப்பன் கிழிந்திருந்தாலும் மாற்ற வேண்டாம். ஈரம் படாத இடத்தில், பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம்.

• மெடலின் இரண்டு பக்கத்தையும், எல்லாக் காகிதங்களையும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

• போரில் இறந்தவர் என்றால், பிரான்ஸ் பாதுகாப்புத் துறையின் 'மெமுவார் தே ஸோம்' இணையதளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். முதல் உலகப் போர், இந்தோசீனா போர் இரண்டுக்கும் பட்டியல் உண்டு.

• வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தாத்தா எந்த ஊரில் இருந்தார், எந்தக் கப்பலில் போனார், எந்த வருஷம் திரும்பினார்? அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள்.

மெடலை விற்பதும் வைத்துக்கொள்வதும் குடும்பத்தின் விருப்பம். ஆனால் அதில் தாத்தாவின் பெயர் இல்லை. பெயரைச் சொல்ல வேண்டியது காகிதமும் வீட்டில் இருப்பவர்களும்தான்.